சாயச்சாலைக் கதவு எமக்கும் திறக்குமா?

ஆடைத் தொழிற்சாலை என்றதும் எம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது தையல் இயந்திர வரிசைதான். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களில் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் ஆரம்பிக்கப்பட்டன. காலையில் கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போகும் எமது பிள்ளைகள் அங்கே கைப்பகுதி தைக்கிறார்கள், கழுத்துப் பகுதி தைக்கிறார்கள், பொத்தான் வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் கைக்கு வரும் துணி அதற்கு முன்னர் எங்கே இருந்தது, என்ன பாடுபட்டு வந்தது என்பதை நாம் பேசுவதில்லை. தைப்பதற்கு முன்னரே அந்தத் துணி பத்துத் தண்ணீர் கண்டிருக்கும். அவித்து, வெளுத்து, அலசி, சாயமிட்டு, மறுபடியும் அலசி, உலர்த்தி, மடிப்பு எடுத்து அனுப்பும் அந்த இடத்தில் பெண்களைக் காண்பது அரிது. ஆய்வுகூடத்திலும் துணி பரிசோதிக்கும் மேசையிலும் சிலர் இருப்பார்கள். தொட்டிகளின் பக்கம் ஆண்களே இருப்பார்கள்.

காரணம் கேட்டால் மூன்று சொல்வார்கள். பாரம் தூக்க வேண்டும். சூடும் இரசாயனமும் ஆபத்து. இரவு வேலை இருக்கும். இவற்றில் முதல் இரண்டையும் தன்னியக்க இயந்திரங்கள் பெருமளவு மாற்றிவிட்டன. ஆனாலும் கதவு அவ்வளவாகத் திறக்கவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு தேவை உண்டு. இலங்கையில் பின்னிய துணியைச் சாயமிடும் பெரிய ஆலைகள் பியகம, அவிசாவளை போன்ற இடங்களிலேயே இருந்து வந்துள்ளன. 2020களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஏறாவூரிலும் புடவை உற்பத்திக்கென ஒரு வலயம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்படியான ஆலைகள் எமது பக்கம் வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களாக நாம் வேலை கேட்டுப் போக வேண்டும்.

ஒரு துணி காணும் பத்துத் தண்ணீர்

ரீ-சேட் தைக்கும் பருத்தித் துணியை எடுத்துக்கொள்வோம். பின்னல் இயந்திரத்திலிருந்து இறங்கும்போது அது மங்கலான மஞ்சளாக, பஞ்சின் மெழுகும் இயந்திர எண்ணெயும் சேர்ந்ததாக இருக்கும். ஒரு துளி தண்ணீர் விட்டால் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். ஆகவே முதலில் எரிசோடாவும் ஐதரசன் பேரொட்சைட்டும் கலந்த நீரில் 95 பாகை செல்சியஸுக்கு மேல் அவிக்கிறார்கள். மெழுகு நீங்குகிறது, மஞ்சள் வெளுக்கிறது. அந்த நீரை வடித்து, சுடுநீரில் அலசி, எஞ்சிய காரத்தைப் போக்க அசற்றிக் அமிலம் சேர்க்கிறார்கள். அது வினாகிரியில் உள்ள புளிப்புத்தான். அதன் பின் ஒரு நொதியம். துணியில் மிஞ்சியிருக்கும் பேரொட்சைட்டை அழிப்பது இதன் வேலை. பேரொட்சைட்டு கொஞ்சம் மிஞ்சினாலும் அடுத்து வரும் சாயத்தைக் கெடுத்துவிடும். கடும் நீலம் கேட்டவருக்கு வெளிறிய நீலம்தான் கிடைக்கும்.

இதற்குப் பிறகுதான் சாயம். பருத்திக்கு இன்று அதிகம் பாவிக்கப்படும் சாய வகையை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1954இல் கண்டுபிடித்தார்கள். 1956இல் அது சந்தைக்கு வந்தது. முந்திய சாயங்கள் பல நூலில் ஒட்டிக்கொண்டோ உள்ளே அடைபட்டோ இருந்தன. இது நூலுடன் இரசாயன ரீதியாகவே பிணைந்துவிடும். அதற்கு உப்பும் சோடாவும் வேண்டும். உப்பு சாயத்தை நீரிலிருந்து துணியின் பக்கம் தள்ளுகிறது. சலவைச் சோடா அதை நூலில் பிணைக்கிறது. பெரும்பாலும் 60 பாகை வெப்பம் போதும்.

சோடாவை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ஒரேயடியாகக் கொட்டினால் சாயம் அவசரப்பட்டு, முதலில் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். துணி திட்டுத் திட்டாகிவிடும். ஆகவே ஆரம்பத்தில் மிகக் கொஞ்சம், போகப் போகக் கூட்டி, முக்கால் மணித்தியாலம் அளவில் சேர்க்க வேண்டும்.

பிறகும் வேலை முடியவில்லை. சாயத்தில் ஒரு பங்கு நூலுடன் பிணையாமல் தண்ணீருடனேயே பிணைந்து வீணாகிவிடும். அது துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிக்கும் அளவு சூடான சவர்க்கார நீரிலும் பின்னர் நல்ல தண்ணீரிலும் அலசித் தள்ள வேண்டும். புதுச் சிவப்புச் சட்டையைத் தோய்க்கப் போட்டு, கூடப் போட்ட வெள்ளைப் பள்ளிச் சீருடை ரோசா நிறமான அனுபவம் எமக்கு இருக்கும். அநேகமாக அந்தச் சட்டைத் துணிக்கு இந்தக் கடைசி அலசல் சரியாக நடந்திருக்காது. கடும் நிறமென்றால் எல்லாப் படிகளும் முடிய எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும்.

வாளியும் சாக்கும்

இதையெல்லாம் கையால் செய்த காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 500 கிலோ துணிக்கு, கிலோவுக்கு 6 லீற்றர் வீதம் 3,000 லீற்றர் நீர் வேண்டும். கடும் நிறத்துக்கு லீற்றருக்கு 70 கிராம் உப்பு என்றால் 210 கிலோ உப்பு. 20 கிராம் சோடா என்றால் 60 கிலோ சோடா. அவ்வளவையும் சாக்கில் தூக்கி வந்து, வாளியில் கரைத்து, ஆவி பறக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அவிக்கும் தொட்டி ஒன்று, வெளுக்கும் தொட்டி வேறொன்று என்றிருந்த காலத்தில், தன் நிறையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் குடித்த துணியை ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்தும் போட்டார்கள். பெண்களால் முடியாது என்றது இதைத்தான். (2009இல் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வாளியோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்களோ தெரியாது.)

தன்னியக்கம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, துணியை இடம் நகர்த்தும் வழி. நெய்த துணிகளை ஒன்றின் முனையில் மற்றதைத் தைத்து மிக நீளமாக்கி, வரிசையாக நிற்கும் தொட்டிகளுக்கும் ஆவிப் பெட்டிகளுக்கும் ஊடாக ஓட விடுவார்கள். ஒரு பக்கம் பழுப்பாகப் போகும் துணி மறுபக்கம் வெள்ளையாக வரும். மற்றது, துணி ஒரே பாத்திரத்துக்குள் இருக்க, தண்ணீரும் இரசாயனமும் மாறி மாறி வரும் வழி. ரீ-சேட் துணிக்கு இதுதான் வழக்கம். ஒரு பெரிய உருளைப் பாத்திரத்துக்குள் துணி கயிறுபோலத் திரண்டு, இரு முனையும் சேர்த்துத் தைக்கப்பட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும். உப்புக் கரைசலும் சோடாவும் பக்கத்துத் தாங்கிகளிலிருந்து பம்பி மூலம் வரும்.

அடுத்த படி எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்வது யார்? முன்பு அது வேலையாளின் ஞாபகம், சுவர் மணிக்கூடு, ஒரு கொப்பி. பின்னர் வெட்டிய தகடு ஒன்றைச் சுழல விட்டு, அதன் விளிம்பு ஏறி இறங்குவதைப் பார்த்து வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி வந்தது. துளையிட்ட அட்டைகள் வந்தன. அதன் பின் கணனி. இப்போது எல்லாப் படிகளும் ஒரு செய்நிரலாகப் பதியப்பட்டிருக்கும். ஆனால் இயந்திரம் நேரத்தை மட்டும் பார்த்து நகர்வதில்லை. வெப்பநிலை, நீர்மட்டம், காரத்தன்மை என்பவற்றை உணரிகள் அளந்து சொல்கின்றன. நீரில் உப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அதன் மின் கடத்துதிறனைக் கொண்டு அறியலாம். உப்புப் போகும்வரை அலசு, போனதும் நிறுத்து என்று இயந்திரத்துக்குக் கட்டளையிடலாம். தண்ணீர் வீணாகாது, அரைகுறை அலசலும் நடக்காது. நீர் ஆறும்வரை மூடியும் திறக்காது. இது சிறிய விடயமல்ல. பொலியெஸ்ரர் துணியை 130 பாகையில் அழுத்தத்துடன் சாயமிடுகிறார்கள். அந்நேரம் மூடி திறந்தால் நிற்பவர் உயிர் தப்புவது கடினம்.

சில மாதங்களுக்கு முன் மேல் மாகாணத்தில் ஓர் ஆலையைப் பார்வையிட மகளிர் சங்கங்களைச் சேர்ந்த ஏழு பேருடன் சென்றிருந்தேன். பனையோலைக்குச் சாயம் போட்டுப் பெட்டி இழைக்கும் ஓர் அம்மா, விளக்கம் சொன்ன இளைஞரை இடைமறித்தார். “தம்பி, ஓலையைப் பிரட்டிக்கொண்டே இருக்கவேணும். விட்டால் ஒரு பக்கம்தான் பிடிக்கும். இதுக்குள்ள ஆர் பிரட்டுறது?” துணி தானாகவே சுற்றுகிறது என்று காட்டியதும், “அப்ப துணி சிக்குப்பட்டால்?” என்றார். அந்த இளைஞர் சிரித்துவிட்டார். அங்கே அடிக்கடி வரும் தொல்லையே அதுதானாம். துணி சிக்கினால் இயந்திரம் நின்று மணியடிக்கும். சிக்கை எடுப்பது மனிதர்தான். மின்சாரம் நின்றாலும் இதே கவலைதான். ஓடாமல் கிடக்கும் துணியில் மடிப்புத் தழும்பு விழும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது மின்பிறப்பாக்கியும் எரிபொருளும் இல்லாத சாயச்சாலை என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இயந்திரத்துக்குத் தெரியாதவை

கேட்ட நிறமும் வந்த நிறமும் ஒன்றா என்று முடிவெடுக்கக் கருவி உண்டு. இருந்தும் துணியில் ஒரு துண்டு வெட்டி, குறித்த வெளிச்சத்தில் வைத்துக் கண்ணால் பார்ப்பதை எந்த ஆலையும் கைவிடவில்லை. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத குறைபாடு பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம் என்பது மருத்துவ உண்மை. நிறம் பார்க்கும் வேலைக்குப் போகும்போது இதை நாம் தயங்காமல் சொல்லலாம். சாயத்தூளை நிறுத்து எடுப்பது, மாதிரித் துண்டைச் சாயமிட்டுப் பார்ப்பது, உணரி காட்டும் அளவு சரிதானா என்று சோதிப்பது எல்லாம் ஆய்வுகூட வேலைகள். காலை இழந்து செயற்கைக் கால் அணிந்திருக்கும் சகோதரிகளுக்கு ஈரத் தரையுள்ள இயந்திரப் பகுதியைவிட ஆய்வுகூடமே பொருந்தும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சாயத்தூளைச் சுவாசித்து ஆஸ்துமா வந்தவர்கள் உண்டு. முகக்கவசமும் தூசி உறிஞ்சும் கருவியும் இருக்கிறதா என்று கேட்டுத்தான் சேர வேண்டும்.

வேலைகள் குறைந்துவிட்டன என்பதையும் மறைக்க முடியாது. ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேர் நின்ற இடத்தில் இப்போது ஒருவரே பல இயந்திரங்களைப் பார்க்கிறார். ஒரு தையல் தொழிற்சாலையில் ஆயிரம் பெண்களுக்கு இடமுண்டு. சாயச்சாலையில் அது கிடையாது. ஆனால் இங்கே கற்றுக்கொள்ளும் தொழில் கையிலேயே இருக்கும். தையலில் ஒரே கைப்பகுதியை ஐந்து வருடம் தைத்தவருக்கு முழுச் சட்டை தைக்கத் தெரியாமல் போவதை நான் கண்டிருக்கிறேன்.

இரவு வேலைக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது கைத்தொழில் நிலையங்களில் பெண்கள் இரவில் வேலை செய்ய நிபந்தனைகளுடன் இடமளிக்கப்பட்டது. விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஒன்றரை மடங்கு சம்பளம், பெண் பாதுகாவலர், ஓய்வறை, மாதத்தில் 10 இரவுக்கு மேற்படக் கூடாது என்பவை அவை. நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடும் தொட்டியை நடுவில் விட்டுப் போக முடியாதென்பதால், இவற்றையே காட்டிப் பெண்களை எடுக்காமல் விடுகிறார்கள். எமது பாதுகாப்புக்கென எழுதியதை எமக்கு வேலை மறுக்கப் பாவிப்பது நியாயமில்லை. பகல் முறையில் பெண்களை நிறுத்தி இரவில் ஆண்களை நிறுத்துவது அவ்வளவு கடினமான ஏற்பாடா? பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய்மாருக்கு விடுதி வாழ்க்கை இன்னொரு தடை. ஆலை ஏறாவூர் போன்ற இடத்துக்கு வந்தால் இந்தத் தடை சிலருக்காவது குறையும்.

அப்படி வரும்போது கழிவுநீரையும் நாம்தான் கேட்க வேண்டும். மேலே சொன்ன 210 கிலோ உப்பு துணியோடு போவதில்லை, தண்ணீரோடு வெளியே போகிறது. சாதாரண சுத்திகரிப்பில் நிறம் போகலாம், உப்பு இலகுவில் போகாது. கிணற்றை நம்பி வாழும் ஊருக்கு இது வாழ்வுப் பிரச்சினை. கூலி கிடைக்கிறதே என்று வாய்மூடி இருக்கத் தேவையில்லை.

கடைசியாக மொழி. நாம் பார்த்த இயந்திரத் திரைகளில் தமிழ் ஒரு சொல்லும் இல்லை, எல்லாம் ஆங்கிலம். ஆனால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் முப்பதுக்கு மேல் இல்லை. ‘ஃபில்’ என்றால் நீர் நிரப்புகிறது, ‘ஹீட்’ என்றால் சூடேறுகிறது, ‘டோசிங்’ என்றால் இரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, ‘ஹோல்ட்’ என்றால் அதே சூட்டில் நிற்கிறது, ‘ரின்ஸ்’ என்றால் அலசுகிறது, ‘ட்ரெயின்’ என்றால் வடிகிறது, ‘அலாரம்’ என்றால் போய்ப் பார்க்க வேண்டும். பார்வையிடப் போன ஏழு பேரில் இருவர் இவற்றைப் பஸ்ஸிலேயே கொப்பியில் எழுதி எடுத்தார்கள். சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை மிச்சச் சொற்களை வரும் கிழமை படிப்பிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்.