விடியுமுன் கூவும் சேவலும் பக்கத்து வளவும்

கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் தரையில்தான் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் வீடு கட்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் ஒரு வளவு இரண்டாகி, மூன்றாகிவிட்டது. கோழிக்கூடு மட்டும் பழைய இடத்திலேயே, மதிலை ஒட்டி நிற்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் முன்பு தென்னை நின்றது. இப்போது படுக்கையறை யன்னல் இருக்கிறது.

"ராத்தா, உங்கட சாவலால விடியச்சாமத்தில நித்திரையே இல்ல" என்று ஒருவர் சொல்ல, "அது கூவாம என்ன செய்யும்?" என்று மற்றவர் கேட்க, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகிறது. இருவர் சொல்வதும் உண்மை. தூக்கம் கெடுவதும் உண்மை, சேவலால் கூவாமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. அது ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால், எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது தெளிவாகும்.

வெளிச்சம் வந்ததைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முரா, யோஷிமுரா என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 12 மணித்தியாலம் வெளிச்சமும் 12 மணித்தியாலம் மங்கல் இருளுமாக வைத்த சேவல்கள், விளக்கு எரிவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முன்பே கூவத் தொடங்கின. பிறகு இரவு பகல் தெரியாதபடி எப்போதும் மங்கலான வெளிச்சத்திலேயே விட்டார்கள். அப்போதும் நாளுக்கு ஒரு முறை, 24 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில், அவை கூவிக்கொண்டே இருந்தன. நேரம் காட்டும் கடிகாரம் சேவலின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. வெளிச்சம் பட்டாலோ இன்னொரு சேவலின் குரல் கேட்டாலோ அது கூவும்தான். ஆனால் அந்தத் தூண்டுதலுக்கும் விடியலை அண்டிய நேரத்தில்தான் வலு அதிகம்.

நமது கரையோரத்தில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே சூரியன் உதிக்கிறது. அதிலிருந்து இரண்டு மணித்தியாலத்தைக் கழித்தால் நாலு மணி. சுபஹுக்குப் பாங்கு சொல்லுமுன் முதல் கூவல் கேட்பது இதனால்தான். தஹஜ்ஜுதுக்கு எழுந்தவருக்கு அது துணை. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு வந்து படுத்தவருக்குத் தொல்லை.

அதே ஆய்வாளர்கள் 2015இல் இன்னொன்றைக் கண்டார்கள். சேவல் வளர்ப்பவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும். ஒரு கூட்டத்தில் பல சேவல்கள் இருந்தால், அதிகாரத்தில் முதலாவதாக இருப்பதே முதலில் கூவும். மற்றவை தங்கள் படிநிலை வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தொடரும். முதலாவதை எடுத்துவிட்டால் இரண்டாவது அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆகவே மூன்று சேவல் உள்ள வீட்டில் "சத்தம் போடுகிற" ஒன்றை மட்டும் விற்றுவிடுவதால் பயன் இல்லை. அடுத்தது நாலு மணிக்குத் தயாராகிவிடும்.

இத்தனை உரத்த குரல் எதற்கு? உலகமெங்கும் வளர்க்கும் கோழியின் மூதாதை, தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. நமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி அதற்கு நெருங்கிய உறவு. நம் மாவட்டத்திலேயே லாகுகல காட்டில் அதைக் காணலாம். அடர்ந்த காட்டில் ஒன்றையொன்று பார்க்க முடியாது. இது என் எல்லை, உள்ளே வராதே என்பதைக் குரலால்தான் அறிவிக்க வேண்டும். வளர்ப்புச் சேவல் மதிலிலோ கூரையிலோ ஏறிநின்று கூவுவது அந்தக் காட்டுப் பழக்கத்தின் மிச்சம். பெல்ஜியத்தில் அன்ற்வெர்ப், கென்ட் ஆய்வாளர்கள் சேவலின் காதருகிலேயே ஒலியை அளந்தபோது, ஒரு சேவலிடம் அது 140 டெசிபலையும் தாண்டியது. தன் குரலால் அது செவிடாகாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு: அலகை முழுதாகத் திறக்கும்போது அதன் காதுத் துவாரம் தானாக மூடிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் காதுக்கு அந்த வசதி இல்லை.

இனி செய்யக்கூடியவை. முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்பவருக்குச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும். குஞ்சு பொரிக்க வைப்பவருக்குத்தான் சேவல் வேண்டும். பத்துப் பேட்டுக்கு ஒன்று போதும். வளர்ந்துவரும் இளஞ்சேவல்களைக் கூவத் தொடங்குமுன் கறிக்கோ சந்தைக்கோ அனுப்பிவிடலாம்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். யன்னலிலிருந்து இரண்டு மீற்றரில் இருக்கும் கூட்டைப் பதினாறு மீற்றருக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல் குறையும். காதுக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கேட்கும். நம் சிறிய வளவுகளில் அவ்வளவு தூரம் கிடைக்காவிட்டால், உங்கள் வீட்டுச் சுவரையே நடுவில் நிறுத்துங்கள்: கூடு உங்கள் யன்னல் பக்கம் வரட்டும், அயலவரின் பக்கம் வேண்டாம். இரவில் சேவலைக் கல்லால் கட்டிய கூட்டில் அடைத்து, தெரு விளக்கின் வெளிச்சம் படாமல் மறைத்து, நன்றாக விடிந்தபின் திறந்துவிடலாம். உடலுக்குள் உள்ள கடிகாரத்தை இது நிறுத்தாது. ஆனால் வெளிச்சத்தின் தூண்டுதல் குறையும், வெளிவரும் சத்தமும் குறையும். காற்றுவழியை மட்டும் அயலவர் இல்லாத பக்கமாக வையுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. அதனால் நம் வெக்கையில் காற்றில்லாத பெட்டி அதைக் கொன்றுவிடும். கூவாமலிருக்கக் கழுத்தில் இறுக்கிக் கட்டும் பட்டியையும் அதே காரணத்தால் நான் ஏற்கமாட்டேன்.

கூட்டை நகர்த்துவதே சரியான தீர்வு என்று அதிகாரியும் முடிவெடுத்த ஒரு சம்பவம் உண்டு. கேரளத்தின் அடூரில், அயல்வீட்டுச் சேவல் அதிகாலை மூன்று மணிக்கே கூவுகிறது என்று முதியவர் ஒருவர் முறையிட்டார். இடத்தைப் பார்வையிட்ட வருவாய்க் கோட்ட அதிகாரி, மேல்மாடியில் இருந்த கூட்டை 14 நாட்களுக்குள் வளவின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றும்படி 2025 பெப்ரவரியில் உத்தரவிட்டார். பிரான்ஸின் ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவலுக்கு எதிரான வழக்கை 2019 செப்டெம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; 2021இல் நாட்டுப்புற ஒலிகளைக் காக்க அங்கே சட்டமே வந்தது. ஆனால் மதிலோடு மதில் ஒட்டிய நமது ஊருக்குப் பொருந்துவது அடூரின் தீர்ப்பே.

இலங்கையில் பொதுத் தொல்லை என்று முறைப்பாடு போனால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் உத்தரவிட முடியும். ஒரு கோழிக்கூட்டுக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய சிறு பிணக்குகளுக்காகவே இருக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் சொல்லலாம்.

சேவலைத் திட்ட வேண்டாம், அது தொழுகைக்கு எழுப்புகிறது என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதில் உண்டு. இதைச் சொல்லி முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அயலவரின் உரிமையை அதைவிடப் பன்மடங்கு வலியுறுத்தும் நபிமொழிகளும் அதே மார்க்கத்தில்தான் இருக்கின்றன. கோழி வளர்ப்பவர்களே, அயலவரின் படுக்கையறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். முறைப்பாடு உள்ளவர்களே, பொலிஸுக்குப் போகுமுன், தூக்கம் கெட்ட கோபத்தில் அல்லாமல், அஸருக்குப் பின் ஒரு நாள் போய் எத்தனை மணிக்குக் கூவுகிறது, எந்த அறையில் கேட்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். கூட்டை எங்கே நகர்த்தலாம் என்பதை இருவருமாக நின்று பார்த்து முடிவு செய்யுங்கள்.