விண்வெளிக் கதையும் மண்ணுலக வினாவும்

முன்னுரை

தமிழ் கற்பிக்கும் உமக்கு விண்கலப் படங்களில் என்ன நாட்டம் என்று உடன் பணியாற்றும் நண்பர்கள் சிலர் என்னை வினவுவதுண்டு. தொலைக்காட்சி பொழுதைக் கொல்லும் கருவி என்று பெரியோர் கடிந்துரைப்பதும் உண்டு. இவ்விரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், நல்ல அறிவியல் புனைகதை மாந்தனைப் பற்றியே பேசுகிறது என்பது இவற்றைப் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் சுவைஞன் என்ற முறையில் என் துணிபு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வியப்பின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் மருட்கையையும் ஒன்றாக வைத்தார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் வியப்பிற்கு நிலைக்களன்கள் என்றார். அறிவியல் புனைகதை முழுவதும் இம்மருட்கையின் மீதே எழுப்பப்பெற்றது எனலாம். ஆனால், இற்றைநாள் படங்கள் பலவும் பெருமை ஒன்றனையே பற்றிக்கொண்டுள்ளன. பெரிய கலம், பெரிய போர், பெரிய அழிவு ஆகியவற்றைக் காட்டிவிட்டால் போதும் என்று அவை கருதுகின்றன. கண் வியக்கிறது, கருத்தோ பசித்தே இருக்கிறது.

வறுமையில் விளைந்த வளம்

ஜீன் ராடன்பெரி படைத்த ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிற்று. இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்தில் உலகங்களை ஆராயச் செல்லும் குழுவினரின் கதை அது. இதற்கென முதலில் எடுத்த முன்னோட்டப் படத்தை, அளவுக்கு மீறிச் சிந்திக்க வைக்கிறது என்று கூறித் தொலைக்காட்சி நிறுவனம் தள்ளிவிட்டது. வழக்கத்திற்கு மாறாக இரண்டாவது முன்னோட்டம் ஒன்றை எடுக்கச் செய்து, அதன் பின்னரே இசைவளித்தது.

தயாரிப்பாளர்களிடம் பணம் மிகுதியாக இல்லை. வாரந்தோறும் ஒரு கோளில் விண்கலம் தரையிறங்குவதைக் காட்டப் பெருஞ்செலவாகும். ஆகவே, மாந்தர் ஓரிடத்தில் ஒளியாய்க் கரைந்து மற்றோரிடத்தில் உருப்பெறும் கருவியைக் கற்பித்துக்கொண்டனர். இன்று உலகறிந்த அக்கற்பனை சிக்கனத்தின் பிள்ளையே ஆகும். காட்சியில் பெருமை காட்ட இயலாமையால், கதையில் கருத்தைக் காட்டும் கட்டாயம் அவர்களுக்கு நேர்ந்தது.

இரண்டு கதைகள்

1967 ஏப்ரலில் ஒளிபரப்பான ஒரு கதையில் தலைவர் கிர்க் காலத்தின் வாயில் வழியே 1930ஆம் ஆண்டின் அமெரிக்காவுக்குச் செல்கிறார். ஏழைகளுக்கு உணவளிக்கும் அறச்செல்வி ஒருத்தியிடம் அன்பு கொள்கிறார். அவள் உயிருடன் இருந்தால் அவளது அமைதி இயக்கம் வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா நுழைவது தாமதமாகி, இட்லரின் செருமனி வென்றுவிடும் என்பது தெரியவருகிறது. காப்பாற்றக் கூடிய கையை அவர் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிறது. நல்லவர் ஒருவரின் நற்செயலே தீங்காய் முடியுமோ என்னும் வினா, கதை முடிந்த பின்னும் நம்மை விடுவதில்லை.

1969 சனவரியில் வந்த மற்றொரு கதையில் இருவர் வருகின்றனர். இருவர் முகமும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவருக்கு வலப்பக்கம் கறுப்பு. மற்றவருக்கு இடப்பக்கம் கறுப்பு. பார்க்கும் நமக்கு வேறுபாடே புலப்படுவதில்லை. அவர்களுக்கோ அதுவே தீராப் பகையின் காரணம். அவர்தம் கோள் முழுவதும் அப்பகையால் அழிந்த பின்னும் அவர்கள் போரிடுவதை நிறுத்தவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்ட நாட்டில், அடுத்த ஆண்டே இக்கதை காட்டப்பட்டது நோக்குதற்குரியது.

அக்கிங் இத்தொடரின் சுவைஞராகவும் இருந்தார். உஹூரா என்னும் தகவல்தொடர்பு அலுவலராக நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ் முதற் பருவத்தின் முடிவில் விலக எண்ணினார். விலகலாகாது, பணிப்பெண்ணாக அன்றி மதிப்புடைய அலுவலராக எம்மவரை மக்கள் காண்பது இன்றியமையாதது என்று கிங் தம்மைத் தடுத்ததாக அந்நடிகை பலமுறை கூறியுள்ளார். உஹூராவைக் கண்டு வளர்ந்த மே ஜெமிசன் 1992 செப்டம்பரில் 'எண்டெவர்' விண்ணோடத்தில் பறந்து, விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண்மணியானார்.

குறைகளும் உள

சுவைஞன் என்பவன் குறை காணாதவன் அல்லன். ஒலி பரவக் காற்றில்லாத வெளியில் இத்தொடரின் கலங்கள் ஓசையிட்டுச் செல்கின்றன. 1968இல் வெளிவந்த குப்ரிக்கின் '2001' திரைப்படமோ விண்ணின் மௌனத்தை மௌனமாகவே காட்டியது. ஸ்டார் ட்ரெக்கின் முதல் முன்னோட்டத்தில் கலத்தின் துணைத்தலைவராக ஒரு பெண் இருந்தார். தொடரில் அப்பாத்திரம் நீக்கப்பட்டது. அறிவால் தீர வேண்டிய சிக்கல்கள் சில கிர்க்கின் கைக்குத்தால் தீர்ந்துவிடுகின்றன. மூன்றாம் பருவத்தின் முதற் கதையோ ஸ்பாக் என்னும் பாத்திரத்தின் மூளையையே திருடிச் செல்வதாக அமைந்து நகைப்பிற்கிடமாயிற்று.

சுவைஞரின் கடமை

இரண்டாம் பருவத்திலேயே தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியது. பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் என்னும் இணையர் கடிதம் எழுதுமாறு சுவைஞர்களைத் தூண்டினர். வந்த மடல்கள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. 1968 சனவரியில் கால்டெக் நிறுவன மாணவர்கள் தொலைக்காட்சி அலுவலகத்திற்கு ஊர்வலமாகச் சென்றனர். தொடர் மேலும் ஓராண்டு வாழ்ந்தது. ஆயினும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டு, செலவும் குறைக்கப்பட்டு, 79 கதைகளுடன் 1969 சூனில் முடிந்தது. பின்னர் மறு ஒளிபரப்புகளில்தான் அது உலகப் புகழ் எய்தியது.

சுவைஞர் கடிதங்களின் வலிமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. அமெரிக்காவின் முதல் விண்ணோடத்திற்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட எண்ணியிருந்தனர். சுவைஞர் வேண்டுகோளால் 1976இல் அது 'எண்டர்பிரைஸ்' ஆயிற்று. வளிமண்டலச் சோதனைகளுக்கே பயன்பட்ட அவ்வோடம் விண்வெளியை ஒருபோதும் எட்டவில்லை. பெயரை மட்டும் வென்றெடுத்தால் போதாது என்பதற்கு அதுவே ஒரு பாடம் போலும்!

முடிவுரை

இன்று கணிப்பொறியின் துணையால் எத்தகைய காட்சியையும் திரையில் படைத்துவிட இயலும். இயலாமை என்னும் நல்லாசிரியர் கலைஞரை விட்டு நீங்கிவிட்டார். எனவே, கருத்து வேண்டும் என்று கேட்கும் பொறுப்பு காண்போரையே சேர்கிறது. மாணவச் செல்வங்களே! படம் பார்ப்பதைக் குற்றம் என்று யான் கூற வரவில்லை. பார்த்து முடித்தபின், இப்படம் எனக்குள் எழுப்பிய வினா யாது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடையொன்றும் இல்லையெனில், செலவழிந்தது உங்கள் காலமே என்று உணருங்கள். வினா எழுந்ததெனில், அதனை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். ஆசிரியரோடும் வீட்டுப் பெரியோரோடும் அமர்ந்து பேசுங்கள். பொழுதுபோக்கு கல்வியாக மாறுவது அவ்விடத்தில்தான்.