பருந்துகளை எண்ணியவர்கள்



வானத்தில் பறக்கும் பருந்துகளை எண்ணுவதால் யாருக்கு என்ன பயன்? வேலையற்றவர் வேலை என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால், அமெரிக்காவில் ஒரு மலையுச்சியில் எடுத்த இந்தக் கணக்கு, கண்ணுக்குப் புலப்படாத ஒரு நஞ்சைக் காட்டிக்கொடுக்க உதவியது.

பென்சில்வேனியா மாநிலத்தில் கிட்டாட்டினி என்னும் நீண்ட மலைத்தொடர் உள்ளது. இலையுதிர் காலத்தில் வடக்கே குளிர் ஏறி, இரை குறையும். அப்போது பருந்து, வல்லூறு, கழுகு முதலிய வேட்டைப் பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படும். வடமேற்கிலிருந்து வீசும் காற்று மலைச்சரிவில் மோதி மேலே எழும்புகிறது. அந்தக் காற்றின்மேல் இறக்கையை விரித்தால் போதும். வீணாகச் சிறகடிக்காமல் நெடுந்தூரம் மிதந்து செல்லலாம். ஆகவே, பறவைகளுக்கு அம்மலை ஒரு நெடுஞ்சாலை.

இதைத் துப்பாக்கிக்காரர்களும் அறிந்திருந்தார்கள். கோழிக்குஞ்சைத் தூக்கும் பகை என்று சொல்லி, அங்கே பறவைகளை நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தினார்கள். 1934ஆம் ஆண்டில் ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி ஹாக் மவுண்டன் எனப்படும் பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, அதற்கு முடிவு கட்டினார். காவலராக வந்த மோரிஸ் புரூன் அவ்வாண்டே எண்ணத் தொடங்கினார்.

எப்படி எண்ணுவது? பாறைமேல் அமர்ந்து, தொலைநோக்கியால் வானத்தைத் துழாவி, எந்த இனம், எத்தனை என்று மணிக்கு மணி குறிக்க வேண்டும். தொலைவில் நிறம் தெரியாது. இறக்கையின் அமைப்பும் பறக்கும் விதமுமே அடையாளம்.

வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே, கிட்டத்தில் வரும்போது முதிர்ந்தது எது, இளையது எது என்று பிரித்து எழுதலாம். 1935 முதல் 1939 வரை கண்ட கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரையிலோ நூற்றுக்கு 20 மட்டுமே. 1957இல் முதிர்ந்தவை 32க்கு இளம்பறவை ஒன்றுதான்! பெரியவர்கள் நடமாடியும் பிள்ளைச் சத்தம் கேட்காத ஊரின் நாளைய நிலை என்ன?

இக்கணக்கை ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில் எடுத்துக்காட்டினார். டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற கழுகின் உடலில் தங்கியது. அதனால் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது என்பதைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 1972இல் அமெரிக்கா அம்மருந்தைத் தடை செய்தது. இன்று ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நூற்றுக்கணக்கான வெண்தலைக் கழுகுகள் அம்மலையைக் கடக்கின்றன.

புரூன் நஞ்சைத் தேடி மலையேறவில்லை. ஒரே இடத்தில், பல ஆண்டுகள் எண்ணி எழுதி வைத்தார். பழைய கணக்கு இல்லையென்றால், குறைந்துவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிவது?

நம் மலேசியாவிலும் மார்ச் மாதத்தில், சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் பருந்துகளைத் தஞ்சோங் துவானில் எண்ணுகிறார்கள். அங்கே ஒருவர் அண்ணாந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், வேலையற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள்.