குதிரைவலுவா, சமநிலையா?



வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளும், தூர நாடுகளில் இருந்து அவர்களை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரும் நிகழ்ச்சியின்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?” வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் சொந்த உழைப்பில் முதன்முதலாகக் கையில் நாலு காசு பார்க்கும் பிள்ளை அதைக் கேட்டு நிற்கப் போவதில்லை. ஆகவே வாங்குவதென்றால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். கணக்கு எனது தொழில்தானே.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது குதிரைவலு. 2015இல் வந்த டொட்ஜ் சலெஞ்சர் ஹெல்கற் 707 குதிரைவலு, நிறை ஏறத்தாழ 2,000 கிலோ. அதே ஆண்டு மாதிரியான போர்ட் முஸ்டாங் ஜீ.ரி. 435 குதிரைவலு, நிறை ஏறத்தாழ 1,700 கிலோ. 2012இல் வந்த ரொயோட்டா 86 வெறும் 200 குதிரைவலு, நிறை 1,250 கிலோவுக்குக் கிட்ட. மஸ்டா எம்.எக்ஸ்.5 இவற்றிலும் நிறை குறைந்தது. கடதாசியில் பார்த்தால் ஹெல்கற்தான் ராசா. ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த 707 குதிரைகளையும் எங்கே அவிழ்த்து விடப் போகிறீர்கள்?

எமிரேட்ஸின் பெருஞ்சாலைகளில் வேக எல்லை பெரும்பாலும் 100 முதல் 140 கிலோமீற்றர். 200 குதிரைவலு உள்ள கார் அந்த வேகத்தைச் சிரமமின்றித் தொடும். மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். மீதி வலுவுக்கு வேலை இல்லை. ஆனால் அதற்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம், பெற்றோல் ஊற்றுகிறோம், காப்புறுதி கட்டுகிறோம். கணக்காளர் மொழியில் சொன்னால், பயன் தராமல் தேய்மானம் மட்டும் நடக்கும் சொத்து. அவிழ்த்து விட்டாலோ, 2017இல் வகுக்கப்பட்ட சமஷ்டித் தண்ட அட்டவணை காத்திருக்கிறது. எல்லையை 80 கிலோமீற்றருக்கு மேல் தாண்டினால் 3,000 திர்ஹம் தண்டம், 23 கறுப்புப் புள்ளி, 60 நாள் வாகனத் தடுப்பு. 24 புள்ளி சேர்ந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் போய்விடும். வாகனம் ஓட்டியே பிழைக்கும் பிள்ளைக்கு அதோடு வேலையும் போகலாம்.

சமநிலை என்றால் என்ன? ஒரு கார் நான்கு ரயர்களில் நிற்கிறது. ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வேகம் கூட்டுவது, பிரேக் பிடிப்பது, திரும்புவது ஆகிய மூன்றுக்கும் பிடிப்பு அங்கிருந்தே வரவேண்டும். இதை ஒரு வங்கிக் கணக்காக நினையுங்கள். கணக்கில் 100 ரூபா இருக்கிறது. வளைவில் திரும்ப 80 ரூபாவை எடுத்துவிட்டீர்கள். அதே நேரம் பெற்றோல் மிதியை ஆழமாக அழுத்தினால், இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுகிறீர்கள். காசோலை திரும்பி வருவதற்குப் பெயர்தான் சறுக்கல். வலு கூடக்கூடக் காசோலையின் தொகை கூடுகிறது. கணக்கில் உள்ள பணம் கூடுவதில்லை.

சறுக்கல் இரண்டு விதம். முன்பாரம் கூடிய கார் வேகமாக வளைவுக்குள் போனால் முன்ரயர்கள் முதலில் பிடியை விடும். ஸ்ரியரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கம் போகும். பின்சில்லுகளுக்கு வலு அளவுக்கு மேல் போனால் பின்ரயர்கள் விடும். காரின் வால் வீசும், சிலவேளை முழுதாகச் சுழலும். நிறை முன்னுக்கும் பின்னுக்கும் ஏறத்தாழச் சமமாகவும் நிலத்துக்குக் கிட்டவும் இருந்தால், எல்லை நெருங்குவதைக் கார் உங்கள் கைக்கும் முதுகுக்கும் முன்கூட்டியே சொல்லும். எம்.எக்ஸ்.5இன் நிறை ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ரொயோட்டா 86 முன்னுக்கு 53, பின்னுக்கு 47 வீதம். அதன் எஞ்சின் படுக்கை வாட்டில் தாழ்வாக இருக்கிறது. அந்தக் காருக்கு அகலமான பந்தய ரயர் போடாமல், பிரியஸ் காரிலும் வந்த சாதாரண வகை ரயரையே கொடுத்தார்கள். எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் குறைந்த வேகத்திலேயே சாரதி உணர்ந்து பழகட்டும் என்பதுதான் எண்ணம்.

டுபாயில் எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. நடிகர் அஜித் குமார் 2025 ஜனவரி 7ஆம் திகதி டுபாய் ஓட்டோட்ரோமில் 24 மணிநேரப் போட்டிக்குப் பயிற்சி எடுத்தபோது, அவரது போர்ஷ் 911 தடுப்பில் மோதிப் பலமுறை சுழன்றது. அவர் காயமின்றித் தப்பினார். அவரது நலனை முன்னிட்டு அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகுவதாக அணி அறிவித்தது. போட்டியில் அவர் போர்ஷ் கேமன் ஜீ.ரி.4 ஓட்டினார். அவர் ஓட்டாத 911 தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. இரண்டும் நல்ல கார்கள்தான். இரண்டின் குணம் வேறு. 911இல் எஞ்சின் பின்அச்சுக்கும் பின்னால் இருக்கிறது, கேமனில் சாரதிக்கும் பின்அச்சுக்கும் நடுவில். நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் பல ஆண்டுகள் பந்தயப் பயிற்சி உள்ளவர். காருக்குள் இரும்புக் கூடு, உடலைக் கட்டும் பட்டி, தலைக்கவசம், வெளியே மீட்புக் குழு. இவ்வளவும் இருந்தும் சில விநாடிகளில் எல்லாம் கைமீறியது. அல் ஐனின் ஜெபல் ஹபீத் மலைப்பாதையில் இவை எதுவும் கிடையாது. ஏறத்தாழ 12 கிலோமீற்றரில் 60 வளைவுகள் உண்டு.

வேகத்தின் கணக்கும் நேர்க்கணக்கல்ல. நல்ல ரயர், உலர்ந்த வீதி என்றால் 100 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 50 மீற்றர் வேண்டும். 140இல் ஏறத்தாழ 100 மீற்றர். வேகம் கூடியது 40 வீதம், தூரம் இரட்டிப்பு. கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி எடுத்தால் அதற்குள் இன்னும் 39 மீற்றர் ஓடிவிடும். வீதியில் மணல் படிந்திருந்தால், அல்லது மாதக்கணக்கான வெயிலுக்குப் பின் முதல் மழை தூறி எண்ணெய்ப் பிசுக்கு மேலெழுந்தால், இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

ஆகவே வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவும்தான்.

முதலாவது, குதிரைவலுவைத் தனியே பார்க்காமல் நிறையோடு சேர்த்துப் பாருங்கள். 200 முதல் 250 குதிரைவலு, 1,300 கிலோவுக்குள் நிறை என்றால் வீதிக்கு அது தாராளம்.

இரண்டாவது, ஓட்டிப் பார்க்கும்போது நேர்வீதியில் சீறிக் காட்டுவதால் ஒன்றும் தெரியாது. ஒரு சுற்றுவட்டத்தை 40 கிலோமீற்றரில் சுற்றுங்கள். கார் சொன்ன கோட்டில் போகிறதா? ஆளில்லாத வீதியில் 80இல் இருந்து உறுதியாகப் பிரேக் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா? இழுத்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அமெரிக்க ஏலத்தில் மலிவாக எடுத்து இங்கே திருத்தி விற்கும் விபத்துக் கார்கள் சந்தையில் உண்டு. சாசி இலக்கத்தை வைத்து வரலாற்றைத் தேடுங்கள். சட்டம் வளைந்த காருக்குச் சமநிலை இல்லை, வெளிப்பூச்சு எவ்வளவு மினுங்கினாலும்.

நான்காவது, ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. எமிரேட்ஸில் ஐந்து ஆண்டு தாண்டிய ரயர் ஓடக் கூடாது. வெயில் ரயரை உள்ளிருந்தே தின்னும்.

ஐந்தாவது, கடன். எமிரேட்ஸ் மத்திய வங்கியின் 2011ஆம் ஆண்டு விதிப்படி காரின் பெறுமதியில் 80 வீதம் வரைதான் கடன், 60 மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. 100,000 திர்ஹம் காருக்கு 80,000 கடன் என்றால், வட்டி சேர்க்காமலே மாதம் 1,333 திர்ஹம். ஊருக்கு அனுப்பும் பணத்தை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சுவதில் இது அடங்குமா என்று பாருங்கள்.

பெரிய எஞ்சினுக்குப் போகாமல் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல ரயரும் பிரேக்கும் போடலாம். வேகம் வேண்டுமென்றால் டுபாய் ஓட்டோட்ரோமிலோ அபுதாபி யாஸ் மரீனாவிலோ ஒரு நாள் பயிற்சி எடுங்கள். அங்கே எதிரே லொறி வராது, ஒட்டகம் குறுக்கே நடக்காது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கார் வாங்கப் போகிறான் என்றால் தொலைபேசியில் ஏசுவதோடு நிற்காதீர்கள். “தம்பி, நிறை எவ்வளவு? ரயர் எந்த ஆண்டு? தவணை எவ்வளவு?” என்று கேளுங்கள். கேள்வி தெரிந்த பெற்றோருக்குப் பிள்ளை பதில் தேடித்தான் ஆகவேண்டும். எத்தனையோ இழப்புகளைக் கடந்து வந்து, ஒரு தலைமுறையை நிமிர்த்தி விட்டிருக்கிறோம். வலு ஒரு விநாடிக்குச் சந்தோசம் தரும். வீடு வந்து சேர்ப்பது சமநிலை.