எண் மாறாது, பெயர்கள் மறையும்!

புதுடெல்லி: எண்ணை மாற்றாமல் செல்போன் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, 2010 நவம்பர் 25-ல் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் விரிவடைந்தது. இதில் எண் பழையதே என்றாலும் சிம் கார்டு புதியது. பழைய கார்டில் பதிந்த பெயர்கள் அதில் இடம்பெறுவதில்லை.

சாதாரண செல்போன் வைத்திருப்போருக்கே இதனால் பாதிப்பு அதிகம். 2003-ல் வெளியான நோக்கியா 1100-ன் நினைவகத்தில் 50 பெயர்களுக்கே இடம் இருந்தது. மற்றவை சிம் கார்டையே நம்பியிருந்தன.

இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் பழைய கார்டில் உள்ள பெயர்கள் அழிவதில்லை. அவற்றை முதலில் செல்போனுக்கும், பின்னர் புதிய கார்டுக்கும் நகலெடுக்கலாம். கார்டே தொலைந்தால் வழியில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள், வீட்டு எண்ணைக் காகிதத்திலும் குறித்து வைப்பது நல்லது.