நான்கு நகரங்களின் கதை: 16 நிமிடப் படமும் நிறைவேறாத வாக்குறுதியும்

புது தில்லி: மெலிந்த மனிதர் ஒருவர் வியர்வை வழிய, மூச்சிரைக்கக் கைரிக்ஷாவை இழுத்துச் செல்கிறார். பருத்த உடல்வாகு கொண்ட செல்வந்தர் ஒருவர் அதில் வசதியாகச் சாய்ந்திருக்கிறார். அடுத்து வரும் காட்சியில் எல்லாம் தலைகீழாகிறது. ரிக்ஷாவில் அமர்ந்திருப்பவர் அந்தத் தொழிலாளி. இழுப்பவர் அந்தச் செல்வந்தர்.

கே.ஏ. அப்பாஸ் 1968-ல் உருவாக்கிய "சார் ஷஹர் ஏக் கஹானி" (நான்கு நகரங்கள், ஒரு கதை) என்ற கருப்பு-வெள்ளைக் குறும்படத்தின் மையக் காட்சி இது. கல்கத்தா, பம்பாய், மதராஸ், தில்லி ஆகியவையே அந்த நான்கு நகரங்கள். படம் ஓடும் நேரம் 16 நிமிடங்கள். வசனம் கிடையாது. வேலை செய்யும்போது தொழிலாளர்கள் பாடும் ஒரு பாடலும், பின்னணி இசையும், சில ஒலிகளும் மட்டுமே உண்டு.

அரசியல் சட்டம் பயிலும் மாணவர்கள் அனைவருக்கும் இந்தப் படத்தின் வழக்கு தெரியும். "கே.ஏ. அப்பாஸ் எதிர் இந்திய அரசு" என்ற பெயரைத் தேர்வுத் தாளில் எழுதாமல் எவரும் வழக்குரைஞராகிவிட முடியாது. ஆனால் அவர்களில் படத்தைப் பார்த்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் என்ன இருந்தது என்பதைப் பலரும் தெரிந்துகொண்டது உச்சநீதிமன்றத் தீர்ப்பின் வழியாகத்தான் என்பது விநோதம்.

தீர்ப்பின் தொடக்கப் பகுதி ஏறத்தாழ ஒரு திரை விமர்சனம் போலவே அமைந்துள்ளது. மாளிகைகள், ஆடம்பர ஹோட்டல்கள், ஆலைகள் ஒருபுறம். குடிசைகள், சேரிகள் மறுபுறம். இவை மாறிமாறி வருகின்றன. இடையிடையே அந்த மாளிகைகளையும் ஆலைகளையும் கட்டி எழுப்பும் தொழிலாளர்கள். வேலை முடிந்து அவர்கள் திரும்பிச் செல்லும் அவல வாழ்க்கை. அகன்ற சாலைகளில் சொகுசுக் கார்கள் விரைகின்றன. கல்கத்தாவிலும் மதராஸிலும் ரிக்ஷாவையும் கைவண்டியையும் மனிதர்கள் இழுக்கின்றனர். விடுதலைப் போராட்டத் தலைவர்களின் சிலைகள் உயர்ந்த பீடங்களில் நின்றபடி, ஏதும் செய்ய இயலாதவையாய் இவற்றையெல்லாம் பார்த்துக் கொண்டிருக்கின்றன.

இத்தகைய படத்தை எடுப்பதற்கு அப்பாஸைவிடப் பொருத்தமானவர் அன்று இருந்திருக்க முடியாது. 1914-ல் பானிபட்டில் பிறந்த அவர் முதலில் பத்திரிகையாளர். "பாம்பே கிரானிக்கிள்" நாளிதழிலும் பின்னர் "பிளிட்ஸ்" வார இதழிலுமாக அவர் எழுதிய "கடைசிப் பக்கம்" பகுதி, 1987-ல் அவர் மறையும் வரை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக வெளிவந்தது. வங்கப் பஞ்சத்தைப் பற்றிய "தர்தி கே லால்" (1946) அவர் இயக்கிய முதல் படம். ராஜ் கபூரின் "ஆவாரா" (1951), "ஸ்ரீ 420" (1955) ஆகியவற்றின் எழுத்தில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. பம்பாயில் வீடு கிடைக்காத இளம் தம்பதியின் கதையான "ஷஹர் அவுர் சப்னா" (1963) குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. நகரமும் அதன் நடைபாதையும் அவருக்குப் புதிய பொருளல்ல.

எதிர்ப்பு எழுந்த இடம்

படத்துக்கு "யு" சான்றிதழ் கோரி அப்பாஸ் விண்ணப்பித்தார். அன்று "யு", "ஏ" என்ற இரு வகைச் சான்றிதழ்களே இருந்தன. வயது வந்தோர் மட்டும் பார்க்கலாம் என்று கூறி "ஏ" சான்றிதழ்தான் தர முடியும் என்றது தணிக்கை வாரியம். மறுஆய்வுக் குழுவும் அதையே உறுதி செய்தது. பெரிய படத்துக்கு "ஏ" கிடைத்தால் வசூலில் ஒரு பகுதி போகும்; குறும்படத்துக்கோ உயிரே போய்விடும். திரையரங்கில் குறும்படம் தனித்து ஓடுவதில்லை. முக்கியப் படத்துக்கு முன்னால் இணைத்துக் காட்டப்பட வேண்டியது அது. குடும்பத்தோடு பார்க்கும் படத்துடன் "ஏ" சான்றிதழ் பெற்ற குறும்படத்தை எந்தத் திரையரங்க உரிமையாளர் இணைப்பார்?

ஆட்சேபம் குடிசைகளுக்கு அல்ல, சிலைகளுக்கும் அல்ல. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியைக் காட்டும் சில நொடிகளே சிக்கலாயின. பாலியல் தொழிலும் பெண்களை அதில் ஈடுபடுத்துவதும் காட்டப்படுகின்றன என்றது வாரியம். அந்தக் காட்சி ஓடும் காரிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். படம் நடுங்குகிறது, வெளிச்சமும் போதவில்லை என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது. ஆபாசம் என்று சொல்லத்தக்க எதுவும் படத்தில் இல்லை என்பது அப்பாஸின் வாதம்.

அவர் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்தார். சில வெட்டுகளுக்கு இணங்கினால் "யு" தரலாம் என்றது அரசு. பெண் ஒருத்தி சன்னலை அடைப்பது, முழங்கால் தெரிவது, ரூபாய் நோட்டுகள் கைமாறுவது ஆகியவற்றை நீக்க வேண்டும் என்பது உத்தரவு.

மூன்றாவது வெட்டு கவனத்துக்குரியது. யாருடைய உழைப்பு யாருடைய பணமாகிறது என்பதுதான் படம் முழுவதும் எழுப்பும் கேள்வி. கட்டடத் தொழிலாளியின் வியர்வை மாளிகையாகிறது. ரிக்ஷாக்காரரின் மூச்சு இன்னொருவரின் பயணமாகிறது. அந்தக் கணக்கைப் பணத்தாளாகவே கண்முன் காட்டும் இடம் அது. அதிகாரிகள் இப்படியெல்லாம் யோசித்து வெட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனினும் கத்தரிக்கோல் சரியான இடத்தைத்தான் தேடிச் சென்றது.

வென்ற பின்னும் தொடர்ந்த வழக்கு

வெட்டுக்கு இணங்காத அப்பாஸ் 1969-ல் அரசியல் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் நேரடியாக உச்சநீதிமன்றம் சென்றார். விசாரணையின்போது எதிர்பாராத திருப்பம் நிகழ்ந்தது. எந்த வெட்டும் இல்லாமலேயே "யு" சான்றிதழ் தருவதாக சொலிசிட்டர் ஜெனரல் மூலம் அரசு அறிவித்தது. வேறொருவராக இருந்தால் சான்றிதழை வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறியிருப்பார். அப்பாஸோ மனுவைத் திருத்த அனுமதி கேட்டார். தன் படம் தப்பியது போதாது, திரைப்படங்களுக்கு முன்தணிக்கை என்பதே பேச்சுரிமைக்கு முரணானது என்று அறிவிக்க வேண்டும் என்றார். அது முடியாதெனில், தணிக்கைக்குக் கால வரம்பு வேண்டும்; மேல்முறையீட்டை அரசு விசாரிக்கக் கூடாது, நீதிமன்றமோ சுதந்திரமான தீர்ப்பாயமோ விசாரிக்க வேண்டும் என்பது அவரது மாற்றுக் கோரிக்கை. மனுவைத் திருத்த நீதிமன்றம் அனுமதித்தது.

அவரது வாதத்தில் பத்திரிகையாளரின் நியாயம் இருந்தது. நகரச் சேரிகளைப் பற்றி "கடைசிப் பக்கம்" பகுதியில் அவர் என்ன எழுதினாலும் அச்சேறும் முன் எந்த அதிகாரியிடமும் காட்ட வேண்டியதில்லை. தில்லியில் ஒரு வார இதழுக்கு விதிக்கப்பட்ட முன்தணிக்கையை 1950-லேயே உச்சநீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதே மனிதர், அதே செய்தியைக் கேமராவால் சொன்னால் மட்டும் அனுமதிச் சீட்டு தேவைப்படுவது ஏன்? (1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது பத்திரிகைகளும் அந்தச் சீட்டுக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது வேறு கதை.)

தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 1970 செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்தது. மற்றக் கலைகளைவிட ஆழமாக உணர்வுகளைத் தூண்ட வல்லது சினிமா, குறிப்பாகச் சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் அது பாதிக்கும் என்பதால் முன்தணிக்கை செல்லும் என்று அமர்வு கூறியது. அதேநேரத்தில், பாலுறவு பற்றிய சித்திரிப்பும் ஆபாசமும் ஒன்றல்ல. கலைக்கும் விரசத்துக்கும் வேறுபாடு காட்டும் வகையில் தணிக்கை நெறிகள் அமைய வேண்டும். மிகப் பலவீனமான மனத்தை அளவுகோலாக வைத்து அனைவரும் பார்ப்பதைத் தீர்மானிக்கலாகாது என்றும் அரசுக்கு அறிவுறுத்தியது. கால வரம்பு, தீர்ப்பாயம் ஆகியவற்றுக்காகச் சட்டம் கொண்டு வருவதாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் உறுதியளித்தது.

தன் படத்தை மீட்டார் அப்பாஸ். எல்லோர் படத்துக்குமான வழக்கில் தோற்றார். அவர் சான்றிதழோடு திரும்பியிருந்தால், திரைப்பட முன்தணிக்கைக்கு உச்சநீதிமன்றத்தின் இந்த முத்திரை அன்று விழுந்திருக்காது. அதன்பின் வந்த தணிக்கை வழக்குகளில் எல்லாம் இந்தத் தீர்ப்பு எடுத்து வைக்கப்படுகிறது. இட ஒதுக்கீட்டுப் பிரச்னையைத் தொட்ட தமிழ்ப் படமான "ஒரே ஒரு கிராமத்திலே" அவற்றுள் ஒன்று. அதன் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்சநீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. போராட்டம் வெடிக்கும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை முடக்க முடியாது என்று உரத்துச் சொன்ன அத்தீர்ப்பும், முன்தணிக்கையின் தேவையை ஏற்க அப்பாஸ் வழக்கையே துணைக்கு அழைத்தது.

படம் பிடித்த நகரங்கள்

வழக்கு சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது. படம் பிடித்த நகரங்கள் தங்கள் வழியில் சென்றன. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவைத் தமிழக அரசு 1973-ல் ஒழித்தது. ஆகவே அப்பாஸ் பதிவு செய்த மதராஸ் காட்சிகள் இன்று வரலாற்று ஆவணம். கல்கத்தாவில் அப்படியில்லை. 2006-ல் மேற்கு வங்க சட்டப்பேரவை தடைச் சட்டம் நிறைவேற்றிய பிறகும் அந்நகரத் தெருக்களில் கைரிக்ஷாக்கள் தொடர்ந்து ஓடின. மகாராஷ்டிரத்தின் மாதேரான் மலைவாழிடத்தில் கைரிக்ஷாக்களை ஆறு மாதங்களுக்குள் ஒழிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஆகஸ்டில்தான்.

நகரைக் கட்டியவர்கள் யார் என்பதை 2020 மார்ச்சில் எந்தக் குறும்படமும் தேவைப்படாமலேயே நாடு கண்டது. ஊரடங்கு அறிவிக்கப்பட்ட சில நாள்களில் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு நெடுஞ்சாலைகளில் சொந்த ஊருக்கு நடந்து கொண்டிருந்தனர். அதற்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்க அதிபர் டிரம்ப் வருகையையொட்டி ஆமதாபாதில் குடிசைப் பகுதி ஒன்றின் முன் சுவர் எழுப்பப்பட்டது. 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு நடந்தபோது தில்லியில் சில குடிசைப் பகுதிகள் பச்சைத் துணியால் மறைக்கப்பட்டன. அப்பாஸின் படத்தில் மாளிகைக் காட்சிக்கு அடுத்து வரும் காட்சியைத் திரையில் அல்ல, சாலையிலேயே வெட்டும் முறை இது. இதற்குத் தணிக்கைச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை.

வாக்குறுதியின் ஆயுள்

1970-ல் நீதிமன்றத்தில் அளித்த வாக்குறுதி மெதுவாகத்தான் நிறைவேறியது. 1981-ல் சட்டத் திருத்தம் வந்தது. 1983-ல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. அது எல்லாப் படங்களுக்கும் கைகொடுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் "பாண்டிட் குயின்" படத்தை அனுமதித்த அதன் முடிவை 1996-ல் உச்சநீதிமன்றம் ஏற்றது. வாரியம் சான்றிதழ் மறுத்த "லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா" படத்துக்கு 2017-ல் வழி திறந்ததும் அதுவே. பெரிய வழக்குரைஞரை அமர்த்த வசதியில்லாத இயக்குநரும் ஏறக்கூடிய படியாக அது இருந்தது.

2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் அந்தத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. அதற்கான மசோதா அதே ஆண்டு ஆகஸ்டில் இரு அவைகளிலும் அமளிக்கிடையே நிறைவேறியது. தீர்ப்பாயங்களால் நீதி விரைவுபடவில்லை என்பது அரசு சொன்ன காரணம். இனி வாரியத்தின் முடிவை எதிர்ப்பவர் உயர்நீதிமன்றம் செல்ல வேண்டும். பல கோடி முதலீட்டில் படம் எடுப்பவருக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. 16 நிமிடக் குறும்படம் எடுப்பவருக்கு வழக்குச் செலவே படச் செலவைத் தாண்டிவிடும்.

கைபேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவோருக்குச் சான்றிதழ் தேவையில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அங்கே முன்தணிக்கை இல்லை. ஆனால் வெளியான பின் முடக்கும் அதிகாரத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் 2021-ஆம் ஆண்டு விதிகளும் அரசுக்கு அளித்துள்ளன. பிரதமரைப் பற்றிய பிபிசி ஆவணப்படத்தின் இணைப்புகள் 2023 ஜனவரியில் அவ்வாறே முடக்கப்பட்டன. மேலும் திரையரங்கு என்ற பொதுவெளியில் முன்பின் அறியாத மனிதர்களுக்கு நடுவே அமர்ந்து தங்கள் நகரத்தைப் பார்ப்பதற்கும், அவரவர் கைபேசியில் தனியே பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. அப்பாஸ் கேட்டது முதலாவதை.

2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஜூலை 27-ல் மாநிலங்களவையும் ஜூலை 31-ல் மக்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தன. திருட்டு விசிடிகளின் வாரிசான இணையத் திருட்டுக்குக் கடும் தண்டனை, 7, 13, 16 வயது எனப் பிரித்த "யுஏ" வகைகள், பத்தாண்டு வரம்பின்றி நிரந்தரமாகச் செல்லும் சான்றிதழ் ஆகியவை அதில் இடம்பெற்றன. வாரியத்தின் முடிவை மத்திய அரசே மறுபரிசீலனை செய்யும் அதிகாரமும் நீக்கப்பட்டது. மணிப்பூர் பிரச்னையால் அவைகள் கொந்தளித்த கூட்டத்தொடர் அது. 1970-ல் அப்பாஸிடம் ஒப்புக்கொண்டு, 1983-ல் அமைத்து, 2021-ல் கலைத்த தீர்ப்பாயத்தை மீண்டும் அமைக்கும் பிரிவு எதுவும் அந்த மசோதாவில் இல்லை.