கேஎல்ஐஏ பயணமா? வீட்டிலேயே முனையத்தைப் பாருங்கள்

திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுத்தவுடன் நம்மவர்கள் கவனிப்பது விலையையும் பெட்டியின் எடையையும்தான். எந்த முனையம் என்ற கேள்வி, கார் சிப்பாங்கை நெருங்கும்போதுதான் எழுகிறது.

1998 ஜூனில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கேஎல்ஐஏ திறக்கப்பட்டபோது இந்தக் குழப்பம் இல்லை. 2014 மே மாதம் கேஎல்ஐஏ 2 வந்தது. இப்போது அதன் பெயர் முனையம் 2. ஏர்ஆசியா அங்கிருந்து புறப்படுகிறது. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர், இண்டிகோ ஆகியவை முனையம் 1. ஆக, திருச்சிக்கே போனாலும் விமானம் மாறினால் முனையமும் மாறும். போன முறை ஏறிய இடம்தானே என்று கிளம்பிவிடாதீர்கள்.

தவறி இறங்கிவிட்டால், ஒரு முனையத்திலிருந்து மற்றதற்கு ரயிலில் 3 நிமிடம், கட்டணம் 2 ரிங்கிட். கேட்க எளிதுதான். நான்கு பெட்டியும் முட்டிவலிக்காரப் பாட்டியும் கூட இருந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். அனைத்துலகப் பயணங்களுக்குப் புறப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க முடியுமா?

இன்னொரு வம்பு, நள்ளிரவு விமானம். 15ஆம் தேதி 12.30 ஏஎம் என்றிருந்தால், 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும்.

மேரு, கிள்ளான் பக்கமிருந்து போகிறவர்கள் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் சென்று, அங்கே கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். முனையம் 1க்கு 28 நிமிடம், முனையம் 2க்கு 33. பெரியவர்களுக்குத் தலைக்கு 55 ரிங்கிட் என்பதால் குடும்பமாகப் போகிறவர்களுக்குக் காரே மேல்.

தனியாகப் போகும் முதியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். குடிநுழைவுச் சோதனைக்கு அப்பால் பிள்ளைகள் உடன்போக முடியாது; உள்ளே நடை அதிகம். முனையம் 1இல் சில விமானங்களுக்குத் துணைக் கட்டடம்வரை போக வேண்டும். ஈராண்டுக்கும் மேலாக நின்றிருந்த அந்த உள் ரயில் 2025 ஜூலையில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. விமான எண்ணையும் அழைத்துப் போகிறவரின் கைப்பேசி எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள். ஊறுகாய்ப் போத்தல் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போகட்டும். பவர்பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து உறவினர் வருகிறார்களா? இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் வருகைக்கு முந்திய 3 நாள்களுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளமென்றால் அது குடிநுழைவுத் துறையுடையது அல்ல.